‘கெட்’ என்ற வினைச்சொல்லைப் பழகுவது எப்படி: மதுரையில் ஆங்கிலம் பேசத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் எவரும் ‘கெட்’ என்ற வினைச்சொல்லைத் தவிர்த்துவிட்டு வெகுதூரம் போக முடியாது. சித்திரை வீதியில் சுங்குடிப் புடவை விற்பவராக இருந்தாலும், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் விடுதி வரவேற்பறையில் பணிபுரிபவராக இருந்தாலும், வெளிநாட்டு நிறுவனமொன்றுக்காக இரவுப் பணியில் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் பட்டதாரியாக இருந்தாலும், எதிரில் இருப்பவரின் பேச்சில் இச்சொல் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்ததோ ‘கெட் என்றால் பெறு’ என்ற ஒரே பொருள்தான். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி ஒரு பயணி ‘இட்ஸ் கெட்டிங் ஹாட்’ என்று சொல்வதைப் புரிந்துகொள்ளப் பார்த்தால், எது எதைப் பெற்றது என்று குழம்பித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

அகராதியைத் திறந்தாலும் உடனே தெளிவு பிறந்துவிடாது. பெரிய அகராதிகளில் இந்த ஒரு சொல்லுக்கே பக்கக்கணக்கில் பொருள் தந்திருப்பார்கள். புதியவர்கள் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய முயல்வது வீண் உழைப்பு என்பது என் கருத்து. தமிழ் பேசுபவருக்கு அதைவிட நேரான வழி ஒன்று உண்டு. கிடை, வாங்கு, ஆகு, வா, படு, சேர், புரி என்று நாம் தினமும் வாயில் வைத்திருக்கும் வினைகள் எந்த இடங்களில் நிற்கின்றனவோ, பெரும்பாலும் அந்த இடங்களில்தான் ஆங்கிலத்தில் ‘கெட்’ நிற்கிறது. ஆகவே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வராமல், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதே இக்கட்டுரை பின்பற்றும் முறை.

முதல் படி: ஒலியைச் சரிசெய்தல்

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருவதால் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘கெட்’டின் முதல் ஒலி, ‘கெட்டவன்’ என்னும்போது வரும் ககரம் அன்று. ‘தங்கம்’ என்பதில் ஙகரத்தை அடுத்து மென்மையாக ஒலிக்கிறதே, அந்தக் ககரம். இறந்தகால வடிவமான ‘காட்’ என்பதற்கும், பின்னால் நாம் காணப்போகும் ‘காட்டன்’ என்பதற்கும் இதுவே விதி. சுங்குடிக் கடைக்காரர் விற்கும் காட்டன் வேறு, இந்தக் காட்டன் வேறு.

முதல் ஒலியைவிட அதிகம் தடுக்குவது கடைசி ஒலி. பேச்சுத்தமிழில் சொற்கள் வல்லின மெய்யோடு முடிவதில்லை என்பதால், நம் நாக்கு தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்து ‘கெட்டு’ என்றாக்கிவிடுகிறது. கேட்பவருக்கு அது ஓர் அசை கூடிய வேறு சொல்லாகப் படுகிறது. நாக்கின் நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வைத்து, மூச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தமிழ் டகரத்துக்கு வளைப்பதுபோல நாக்கை மேலே வளைக்கக் கூடாது. அமெரிக்கர் பேசும்போது ‘கெட் இட்’ என்பது ‘கெடிட்’ என்பதுபோல வழுக்கிக்கொண்டு வரும். அப்படிப் பேசப் பழக வேண்டிய தேவை இல்லை. கேட்கும்போது அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

இரண்டாம் படி: நிலைமாற்றத்தைப் பிடித்தல்

எத்தனை பொருள் சொன்னாலும் ‘கெட்’டுக்கு அடியில் ஓடுவது ஒன்றுதான். இல்லாத நிலையிலிருந்து இருக்கும் நிலைக்கு வருவதை அது காட்டுகிறது. பொருள் கையில் இல்லை, பிறகு வந்தது. வெயில் ஏறவில்லை, பிறகு ஏறியது. ஊருக்கு வந்து சேரவில்லை, பிறகு சேர்ந்தாயிற்று. விஷயம் புரியவில்லை, பிறகு புரிந்தது. மாறி முடிந்த பிறகு நீடிக்கும் நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘ஹேவ்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ முதலியவை இருக்கின்றன. இந்த இரண்டு வகைகளையும் பிரித்தறிவதே புதியவர் கற்க வேண்டிய முதன்மையான திறன்.

திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது என்றால் ‘ஐ காட் எ ஃபீவர் ஆன் மண்டே’. இப்போது காய்ச்சலாக இருக்கிறது என்றால் ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. விடுப்புக் கேட்டு மேலாளரை அழைக்கும்போது ‘ஐ கெட் ஃபீவர்’ என்று நிகழ்காலத்தில் சொன்னால், ‘எனக்கு அவ்வப்போது காய்ச்சல் வரும்’ என்று வழக்கத்தைச் சொன்னதாக ஆகிவிடும். அன்றைய விடுப்புக்கு அது காரணம் ஆகாது. இதேபோல ‘தே காட் மேரீட் இன் 2010’ என்றால் அந்த ஆண்டில் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. ‘தே ஆர் மேரீட்’ என்றால் அவர்கள் கல்யாணம் ஆனவர்கள். தமிழில் ‘ஆயிற்று’, ‘ஆனவர்’ என்று நாமே பிரித்துத்தான் சொல்கிறோம்.

மூன்றாம் படி: ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ ஆக்குதல்

தமிழர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

‘எனக்கு டிக்கெட் கிடைத்தது’ என்று நாம் சொல்லும்போது, இலக்கணப்படி எழுவாய் டிக்கெட். நானோ நான்காம் வேற்றுமை உருபு ஏற்று ஓரமாக நிற்கிறேன். தானாக நடந்தது, என்னிடம் வந்தது என்பதுபோலத் தமிழ் அதைக் கட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘கெட்’ வரும் வாக்கியம் இதைத் தலைகீழாக்கி, ஆளை எழுவாயாக முன்னால் நிறுத்துகிறது: ‘ஐ காட் எ டிக்கெட்’. ‘அவனுக்கு வேலை கிடைத்தது’ என்பது ‘ஹி காட் எ ஜாப்’. ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பது ‘ஐ காட் ஆங்க்ரி’. ‘எனக்குப் புரிகிறது’ என்பது ‘ஐ கெட் இட்’. ‘எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை’ என்பது ‘வீ டிட்ன்ட் கெட் எ சீட்’. உருபு ஏற்று நிற்கும் ஆளைத் தேடிப்பிடித்து, உருபைக் கழற்றிவிட்டு, வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

இப்படி மாற்றும்போது செயப்படுபொருள் தொலைந்துபோவதுண்டு. பேருந்தில் இடம் கிடைத்ததா என்று கேட்டால் தமிழில் ‘கிடைக்கல’ என்ற ஒற்றைச் சொல்லே முழு வாக்கியம். அதை அப்படியே ‘ஐ டிட்ன்ட் கெட்’ என்று ஆங்கிலமாக்கினால் வாக்கியம் பாதியில் அறுந்து தொங்குகிறது, கேட்பவர் ‘எதை?’ என்று காத்திருப்பார். ‘ஐ டிட்ன்ட் கெட் இட்’ என்றோ ‘ஐ டிட்ன்ட் கெட் ஒன்’ என்றோ முடிக்க வேண்டும். ஏற்கெனவே குறிப்பிட்ட ஒன்று என்றால் ‘இட்’, பலவற்றில் ஏதோ ஒன்று என்றால் ‘ஒன்’. மதுரையில் பலருடைய ஆங்கிலத்தில், நன்றாகப் பேசக்கூடியவர்களிடத்தில்கூட, இந்தச் சிறு சொல் விட்டுப்போவதைக் கேட்கலாம்.

விதிக்கு விலக்கும் உண்டு. ‘எனக்கு நேரமாகிறது’ என்பதை மேற்சொன்னபடி மாற்றினால் ‘ஐயாம் கெட்டிங் லேட்’ என்று வரும். இந்தியாவில் எல்லோரும் இப்படிப் பேசுகிறோம், எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பொதுவாக ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்பார்கள், அல்லது தாம் தாமதமாகிக்கொண்டிருப்பதைச் சொல்ல ‘ஐயாம் ரன்னிங் லேட்’ என்பார்கள். தொலைபேசியில் குரல் தெளிவாகக் கேட்காதபோது ‘ஐயாம் நாட் கெட்டிங் யூ’ என்பதும் நம் ஊர் வழக்கு. வெளிநாட்டவரிடம் பேசுகையில் ‘சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்’ என்பது இயல்பாக ஒலிக்கும். தொலைபேசி இணைப்பே கிடைக்காத நிலையில், அதாவது ‘லைன் கிடைக்கல’ என்று நாம் சொல்லும் நிலையில், ‘ஐ குட்ன்ட் கெட் த்ரூ’ என்பதே சொல்ல வேண்டியது.

நான்காம் படி: அடுத்து வரும் சொல்லைப் பார்த்தல்

‘கெட்’டின் பொருள் அதற்குள் இருப்பதைவிட அதற்கு அடுத்து நிற்கும் சொல்லில்தான் அதிகம் இருக்கிறது. ஆகையால் வாக்கியத்தைக் கேட்கும்போது காதை அடுத்த சொல்லின்மேல் வைக்க வேண்டும்.

அடுத்து வருவது பெயர்ச்சொல் என்றால் கிடைத்தல், வாங்குதல், வருதல் ஆகியவற்றில் ஒன்று பொருந்தும். சுங்குடிப் புடவையைக் காட்டி ‘வேர் டிட் யூ கெட் திஸ்?’ என்று ஒருவர் கேட்டால் ‘இதை எங்கே வாங்கினீர்கள்?’ என்று பொருள். ‘வேர் கேன் ஐ கெட் ஜிகர்தண்டா?’ என்றால் ‘ஜிகர்தண்டா எங்கே கிடைக்கும்?’ என்று பொருள். பெயரடை வந்தால் ஆகுதல்: ‘கெட் டார்க்’ இருட்டாதல், ‘கெட் டயர்ட்’ களைத்துப்போதல், ‘கெட் பெட்டர்’ தேறிவருதல். இவற்றில் விளக்க அதிகம் இல்லை.

அடுத்து வருவது ஒரு வினையின் எச்ச வடிவம் என்றால், நம் ‘படு’, ‘வாங்கு’, ‘மாட்டிக்கொள்’ ஆகியவற்றின் உலகத்துக்குள் நுழைகிறோம். ‘ஹி காட் ஹர்ட்’ என்றால் அவனுக்கு அடிபட்டது. ‘ஐ காட் ஸ்கோல்டட்’ என்றால் திட்டு வாங்கினேன். ‘தே காட் காட்’ என்று காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். இரண்டாவது ‘காட்’ பிடிபடுதலைக் குறிக்கும் வேறொரு சொல், அதன் ககரம் வல்லொலி. மாட்டிக்கொண்டார்கள் என்று பொருள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பணப்பை பறிபோனால் ‘மை பர்ஸ் காட் ஸ்டோலன்’. இலக்கணப் புத்தகங்கள் இங்கே ‘வாஸ் ஸ்டோலன்’ என்ற செயப்பாட்டு வினையைத்தான் முதலில் கற்பிக்கும், அதுவும் சரியே. ‘காட்’ வரும்போது, பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பேசும் தொனி கூடுகிறது. தமிழில் செயப்பாட்டு வினை பேச்சில் அவ்வளவாக வருவதில்லை, ஆனால் ‘அடி வாங்கினான்’, ‘பேச்சு வாங்கினான்’ என்பவை சரளமாக வருகின்றன. ‘கெட்’ வரும் செயப்பாட்டு வாக்கியம் ஆங்கிலப் பேச்சில் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கிறது. நன்மையான செய்திக்கும் இது வரும்: ‘ஷி காட் ப்ரமோட்டட்’, அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இடத்தைக் குறிக்கும் சொல் வந்தால் போய்ச் சேர்தல். இங்கே ‘டு’ என்ற முன்னிடைச்சொல் தேவை: ‘ஹவ் டூ ஐ கெட் டு திருப்பரங்குன்றம்?’ என்று ஒருவர் கேட்டால் அங்கே போகும் வழியைக் கேட்கிறார். ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகிய மூன்றுக்கும் முன்னால் அந்த ‘டு’ வரக்கூடாது. ‘வீட்டுக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’ நம்மை ‘ஐ காட் டு ஹோம்’ என்று சொல்லத் தூண்டும்; ‘ஐ காட் ஹோம் அட் நைன்’ என்பதே முறை.

‘டு’ வந்து, அதற்குப் பின் இடப்பெயருக்குப் பதிலாக இன்னொரு வினை வந்தால் வாய்ப்புக் கிடைத்தல். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனவர் கூட்டத்தில் எக்கி நின்று பார்த்துவிட்டால் ‘ஐ காட் டு சீ அழகர்’. தலைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ‘ஐ டிட்ன்ட் கெட் டு சீ ஹிம்’. ‘பார்க்கக் கொடுத்துவைத்தது’, ‘கொடுத்துவைக்கவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இதைவிட நெருங்கிய ஆங்கிலம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஐந்தாம் படி: பிறரைக் கொண்டு செய்விப்பதைச் சொல்லுதல்

தையல் கடையிலிருந்து புது ரவிக்கையோடு வரும் ஒருவர் ‘பிளவுஸ் தைத்தேன்’ என்று தமிழில் சொன்னால் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். துணியும் கூலியும் கொடுத்தார், தையற்காரர் தைத்தார் என்பது கேட்பவருக்கே தெரியும். அதே வாக்கியத்தை ‘ஐ ஸ்டிச்ட் எ பிளவுஸ்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், உங்களுக்குத் தையல் தெரியுமா என்று வியந்து கேட்பார்கள். முடி வெட்டுதல், பல் பிடுங்குதல், கைப்பேசியைப் பழுதுபார்த்தல், சான்றிதழில் கையொப்பம் வாங்குதல் என்று பிறர் கையால் நடக்கும் எல்லா வேலைக்கும் ஆங்கிலத்தில் தனி அமைப்பு இருக்கிறது, அதை நடத்துவதும் ‘கெட்’ தான்.

அமைப்பு இது: ஆள், பிறகு ‘காட்’, பிறகு பொருள், கடைசியில் செய்து முடிக்கப்பட்டதைக் காட்டும் வினை. ‘ஐ காட் எ பிளவுஸ் ஸ்டிச்ட்’. ‘ஐ காட் மை ஹேர் கட்’. ‘ஐ காட் தி ஃபார்ம் சைன்ட்’. பொருள் நடுவில் நிற்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. ‘ஐ காட் ஸ்டிச்ட் எ பிளவுஸ்’ என்று இடம் மாற்றினால், நான்காம் படியில் கண்ட ‘அடி வாங்கினேன்’ வகைக்குள் வாக்கியம் விழுந்து, தையல் போடப்பட்டது துணிக்கா உங்களுக்கா என்ற ஐயம் எழும்.

செய்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டுமானால் ஆளை நடுவில் வைத்து, ‘டு’ சேர்த்து, வினையை இயல்பான வடிவில் சொல்ல வேண்டும்: ‘ஐ காட் தி டெய்லர் டு ஸ்டிச் இட் பை ஃப்ரைடே’. இந்த வாக்கியத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. இதே இடத்தில் ‘மேக்’ என்ற வினை வந்தால் கட்டாயப்படுத்திச் செய்யவைத்ததாகவும், ‘கெட்’ வந்தால் சொல்லிப் பார்த்து, கெஞ்சியோ தாஜா செய்தோ இசையவைத்ததாகவும் தொனிக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தையற்காரரிடம் துணி கொடுத்தவர்களுக்கு எந்த வினை பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. ‘மேக்’ வரும்போது ‘டு’ வராது, ‘கெட்’ வரும்போது ‘டு’ கட்டாயம் வரும் என்பதையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: ஏறுதலும் இறங்குதலும்

‘கெட்’டோடு சிறு சொற்கள் சேர்ந்து உருவாகும் தொடர்கள் ஏராளம். அவற்றை ஒரே மூச்சில் கற்க முயலாமல், பேருந்து நிலையத்தில் பயன்படுபவற்றிலிருந்து தொடங்கலாம். மாட்டுத்தாவணியில் நின்று பத்து நிமிடம் கவனித்தாலே இவை எல்லாவற்றுக்கும் காட்சி கிடைத்துவிடும்.

பேருந்து, ரயில், விமானம் போல உள்ளே எழுந்து நடக்கக்கூடிய ஊர்திகளுக்கும், இருசக்கர வாகனம் போல மேலே ஏறி உட்காருபவற்றுக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து உள்ளே புகுந்து உட்கார வேண்டிய கார், ஆட்டோ முதலியவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. ‘யூ ஷுட் கெட் ஆஃப் அட் பெரியார்’ என்றால் பெரியார் நிலையத்தில் இறங்க வேண்டும் என்று பொருள். நம்மில் பெரும்பாலோர் இங்கே ‘கெட் டவுன்’ என்போம். இந்திய ஆங்கிலத்தில் அது ஊன்றிவிட்ட வழக்கு, நடத்துநரிடமும் சக பயணியிடமும் அப்படிப் பேசுவதில் குறையொன்றும் இல்லை. வெளிநாட்டவருக்கு மட்டும் அது ‘கீழே குனி’, ‘தரையோடு படு’ என்பதுபோலக் காதில் விழக்கூடும் என்பதால், அவர்களுக்கு வழி சொல்லும்போது ‘கெட் ஆஃப்’ என்பதே பாதுகாப்பானது. ‘கெட் அவுட்’ என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ‘கெட் அவுட் ஆஃப் தி ஆட்டோ’ என்றால் ஆட்டோவிலிருந்து இறங்குவது, தனியாக ‘கெட் அவுட்’ என்றால் வெளியே போ என்று விரட்டுவது.

இவை கைவந்த பிறகு ‘கெட் அப்’ (எழுந்திருத்தல்), ‘கெட் பேக்’ (திரும்பி வருதல், திரும்பப் பெறுதல்), ‘கெட் ஓவர்’ (நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீளுதல்), ‘கெட் அலாங்’ (ஒத்துப்போதல்) ஆகிய நான்கையும் சேர்த்துக்கொண்டால் தொடக்கநிலைக்குப் போதும். மற்றவற்றுக்கு, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு கற்பவர்க்கென்றே எழுதப்பட்ட அகராதி ஒன்றைப் பார்ப்பது நல்லது. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலோ, 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ உட்கார்ந்து ஒரு தொடருக்கு ஓர் எடுத்துக்காட்டு வீதம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வரலாம்.

ஏழாம் படி: கால வடிவங்கள், அவற்றின் பின்னால் உள்ள வரலாறு

நிகழ்காலம் ‘கெட்’, இறந்தகாலம் ‘காட்’. மூன்றாம் வடிவத்தில்தான் இங்கிலாந்தும் அமெரிக்காவும் பிரிகின்றன. இங்கிலாந்தில் அதுவும் ‘காட்’. அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’. அமெரிக்கர் பேச்சில் ‘ஐவ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் ஒன்றை வாங்கிவிட்டேன் என்றும், ‘ஐவ் காட் எ டிக்கெட்’ என்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது என்றும் பொருள் பிரியும். அமெரிக்க நிறுவனத்தின் அழைப்புகளை எடுப்பவர்கள் இவ்வேறுபாட்டைக் கேட்டுப் பழக வேண்டும். ‘காட்டன்’ அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமை என்று சிலர் சொல்வது சரியன்று. அது பழைய வடிவம், கடல் கடந்து போனவர்களோடு போய் அங்கே தங்கிவிட்டது, இங்கிலாந்தில்தான் அருகிப்போயிற்று. ‘ஃபர்காட்டன்’ என்பதில் இரு நாட்டாரும் அதை இன்னும் வைத்திருக்கிறார்கள். ‘ஐவ் காட் டு கோ’ என்றால் ‘நான் போயாக வேண்டும்’. விரைவான பேச்சில் அது ‘காட்டா கோ’ என்று சுருங்கும்.

இச்சொல் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது வடிவங்களை நினைவில் வைக்க உதவும். ‘கெட்’ ஆங்கிலேயரின் சொந்தச் சொல் அன்று. வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்றிருந்த வினை அது. 793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியதில் தொடங்கிய, நோர்ஸ் பேசிய வைக்கிங் கடலோடிகளின் படையெடுப்புகள், பின்னர் குடியேற்றமாக மாறி, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நோர்ஸ் பேசுவோரும் ஆங்கிலம் பேசுவோரும் அண்டை வீட்டாராக வாழும் நிலையை உண்டாக்கின. 1016இல் டென்மார்க்கைச் சேர்ந்த க்னூட் இங்கிலாந்துக்கே அரசரானார். அப்படி ஒட்டி வாழ்ந்த காலத்தில் முட்டை, கத்தி, தோல், ஜன்னல் ஆகியவற்றைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொற்களும், ‘டேக்’ என்ற வினையும், ‘தே’ என்ற படர்க்கைப் பன்மைப் பெயரும்கூட நோர்ஸிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தன. பெயர்ச்சொற்கள் மொழி விட்டு மொழி தாவுவது வழக்கம். அடிப்படை வினைகளும் பிரதிப்பெயரும் தாவ வேண்டுமானால் இரு மொழியாரும் சந்தையிலும் சமையற்கட்டிலும் கலந்து பழகியிருக்க வேண்டும். பல தலைமுறைகளாகத் தமிழும் சௌராஷ்டிரமும் ஒரே தெருவில் புழங்கும் மதுரையில் இதை விளக்கிச் சொல்லத் தேவை இராது. 1200ஆம் ஆண்டையொட்டி ‘கெட்’ ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்குகிறது.

இதே வேரிலிருந்து வந்த சொந்த வினை ஒன்று பழைய ஆங்கிலத்திலும் இருந்தது, ஆனால் அது தனித்து நிற்காமல் முன்னொட்டோடு மட்டுமே வந்தது. மறத்தலைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’ அவற்றில் ஒன்று. பிடி நழுவிப் போதல் என்பது அதன் உள்பொருள். பிள்ளை பெறுதலைக் குறிக்கும் ‘பிகெட்’ இன்னொன்று. ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான் என்று தமிழ் விவிலியம் சொல்லும் இடத்தில், 1611இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த வினையின் பழைய இறந்தகால வடிவமான ‘பிகேட்’ நிற்கிறது. பள்ளியில் ‘கெட் என்றால் பெறு’ என்று சொல்லித்தந்த ஆசிரியர்கள் தாம் அறியாமலே ஒரு பொருத்தத்தைத் தொட்டிருக்கிறார்கள். பொருளை அடைவதற்கும் பிள்ளையை ஈன்றெடுப்பதற்கும் ஒரே வினையைப் பயன்படுத்துவதில் தமிழின் ‘பெறு’வும் நோர்ஸின் ‘கெட்டா’வும் ஒத்துப்போகின்றன.

இன்னும் பின்னால் போனால், மொழியியலாளர் இதன் வேருக்குக் கொடுக்கும் பொருள் கையால் பற்றுதல். இலத்தீனில் அதே வேர் பற்றுதலைக் குறிக்கும் வினையாகி, அதிலிருந்து ஆங்கிலத்தில் விளங்கிக்கொள்ளுதலைக் குறிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’ என்ற கனமான சொல் வந்தது. ‘ஐ கெட் இட்’ என்பதும் ‘ஐ காம்ப்ரிஹெண்ட்’ என்பதும் ஆக ஒரே குடும்பம். கணக்கு விளங்காதபோது ‘ஒன்றும் பிடிபடவில்லை’ என்று நாம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை ஏற்படாது.

எட்டாம் படி: எழுத்தில் எங்கே தவிர்ப்பது

வைக்கிங்குகள் தந்த சொற்கள் தெருவிலும் வீட்டிலும் தங்கின. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சொற்களோ நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் அமர்ந்தன. ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘அரைவ்’ ஆகியவை அந்த இரண்டாம் வழியாக வந்தவை. அந்தப் படிநிலை இன்றும் மறையவில்லை: பேச்சில் ‘கெட்’ வரும் இடத்தில், விண்ணப்பத்திலும் மனுவிலும் அலுவலகக் கடிதத்திலும் இவற்றில் ஒன்று வரும்.

ஆகவே வங்கிக்கோ கல்லூரிக்கோ எழுதும்போது, முதலில் ‘கெட்’ வைத்தே வரைவை எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொரு ‘கெட்’டாக எடுத்து மாற்றுவது எளிய முறை. வந்து கிடைத்த கடிதம், பணம், பதில் ஆகியவற்றுக்கு ‘ரிசீவ்’. முயன்று வாங்கிய சான்றிதழ், அனுமதி, பட்டம் ஆகியவற்றுக்கு ‘அப்டெய்ன்’. ஆகுதல் என்ற பொருளில் வந்தால் ‘பிகம்’. போய்ச் சேர்தல் என்றால் ‘ரீச்’ அல்லது ‘அரைவ்’. இவற்றில் ‘ரீச்’ வரும்போது ‘டு’ சேர்க்கக் கூடாது, ‘அரைவ்’ வரும்போது ‘அட்’ அல்லது ‘இன்’ வேண்டும். ‘காட் ஸ்டோலன்’ போன்றவற்றை ‘வாஸ் ஸ்டோலன்’ என்று மாற்றிவிடலாம். ‘ஐ டிட்ன்ட் கெட் மை சாலரி’ என்று பேச்சில் சொன்னது, கடிதத்தில் ‘ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் மை சாலரி’ என்று நிற்கும்.

சில பயிற்சி வகுப்புகளில் இதை எல்லை மீறிக் கொண்டுபோய், ‘கெட்’ கொச்சை, பேச்சிலும் கூடாது என்று சொல்லித்தருகிறார்கள். அந்த அறிவுரையை ஏற்க வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் நின்று ‘ஐ அப்டெய்ன்ட் எ டீ’ என்று சொல்பவரை ஆங்கிலேயரும் விநோதமாகத்தான் பார்ப்பார்கள். அலுவலக வாட்ஸ்அப்பில் மேலாளர் ஒரு கோப்பை அனுப்பி வேலையையும் விளக்கியிருந்தால், ‘காட் இட், தேங்க்ஸ்’ என்ற பதில் கோப்பு கிடைத்ததையும் விஷயம் புரிந்ததையும் ஒருசேரத் தெரிவித்துவிடும். அதே மேலாளருக்கு மின்னஞ்சலில் முறையாக எழுத நேர்ந்தால், கோப்புக்கு ‘ரிசீவ்ட்’ என்றும் விளக்கத்துக்கு ‘அண்டர்ஸ்டுட்’ என்றும் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.